ஹென்றி கிளேயின் கடிதங்களும் ஓர் அடிமை இளவரசரும்

அமெரிக்க அரசியல் வரலாற்றில் 'பெரும் சமரசவாதி' என்று பெயர் பெற்றவர் ஹென்றி கிளே. 1777ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தார். கென்டக்கி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து வழக்கறிஞராகப் புகழடைந்தார். சட்டம் விதித்த முப்பது வயது நிரம்பும் முன்னரே, 1806ஆம் ஆண்டில் செனட் என்னும் மேலவையில் அமர்ந்தார். பிரிட்டனோடு நிகழ்ந்த போரை முடிக்க 1814ஆம் ஆண்டு கென்ட் நகரில் கூடிய தூதுக்குழுவில் ஒருவராகச் சென்று வந்தார். 1825 முதல் 1829 வரை வெளிநாட்டமைச்சராக இருந்தார். மும்முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு மும்முறையும் தோற்றார். 1852ஆம் ஆண்டு, செனட் உறுப்பினராக இருக்கும்போதே காலமானார்.

இவர் எழுதியனவும் இவருக்கு வந்தனவுமான கடிதங்களைத் திரட்டி, கென்டக்கிப் பல்கலைக்கழக அச்சகம் 1959 முதல் 1992 வரை பத்துப் பெருந்தொகுதிகளும் ஓர் இணைப்புத் தொகுதியுமாக வெளியிட்டுள்ளது. சுங்கவரி, வங்கி, கால்வாய், தேர்தல், தூதரகம் என்று அந்நூற்றாண்டின் அரசியல் முழுவதும் அக்கடிதங்களில் அடங்கியுள்ளது. அவற்றையெல்லாம் ஆராய்வது நம் நோக்கமன்று. அவ்வமைச்சரின் மேசைக்கு வந்து சேர்ந்த ஓர் அரபு மடலையும், அது கிளப்பிய கடிதப் போக்குவரத்தையும், அதே காலத்தில் அதே கை எழுதிய வேறொரு கடிதத்தையும் மட்டும் இங்கே காண்போம்.

திம்போவின் மைந்தர்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கினி என வழங்கும் நாட்டின் மலைநிலப் பகுதி ஃபூட்டா ஜாலோன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபுலானி முஸ்லிம்கள் அங்கே ஓர் இஸ்லாமிய அரசை நிறுவினர். அதன் தலைநகர் திம்போ. அரசருக்கு 'அல்மாமி' என்று பெயர். 'அல்இமாம்' என்பதன் மரூஉ அது. புகழ்பெற்ற அல்மாமி இப்ராஹிமா சோரியின் மைந்தராக, 1762ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அப்துர் ரஹ்மான். மரப்பலகையில் மையால் எழுதித் திருமறை ஓதப் பழகிய அச்சிறுவர், மேற்கல்விக்காக ஜென்னே, திம்பக்து ஆகிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டார். அந்நாளில் அவை ஆலிம்களும் நூல்களும் நிறைந்த கல்விப் பதிகள்.

கல்வி முடித்துத் திரும்பியவர் படைத்தலைவரானார். 1788ஆம் ஆண்டு, தம் இருபத்தாறாம் வயதில் ஒரு போர்ப்பயணத்திலிருந்து மீளும் வழியில் பகைவரிடம் சிக்கினார். சிறைபிடித்தோர் அவரை அடிமை வணிகருக்கு விற்றனர். கப்பலில் அடைபட்டு மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவை அடைந்து, அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாக மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான நாச்செஸ் வந்து சேர்ந்தார். தாமஸ் ஃபாஸ்டர் என்னும் பண்ணையார் அவரை விலைக்கு வாங்கினார். தாம் அரசகுமாரர் என்றும், தந்தை பொன் தந்து மீட்பார் என்றும் அவர் சொன்னதைக் கேட்ட எசமானர் அவருக்கு வைத்த பெயர் 'பிரின்ஸ்'. இளவரசர் என்பதே அதன் பொருள். ஆனால் அது கேலியாக வைத்த பெயர்.

ஒருமுறை காட்டுக்குள் ஓடிப் பல வாரங்கள் மறைந்து திரிந்தார். போக்கிடம் இன்மையால் தாமே திரும்பி வந்தார். அதன்பின் பண்ணையின் நம்பிக்கைக்குரிய மேற்பார்வையாளர் ஆனார். பருத்தியும் கால்நடையும் அவர் பிறந்த நாட்டிலேயே பழகியவை. ஃபாஸ்டரின் செல்வம் பெருகியதில் அவருடைய அறிவுக்கும் பங்குண்டு. இசபெல்லா என்னும் அடிமைப் பெண்ணை மணந்து ஒன்பது மக்களுக்குத் தந்தையானார். அவர் மது அருந்திக் கண்டதில்லை என்று அவ்வூரார் சான்று கூறினர். மனைவியோடு கிறித்தவ ஆலயத்திற்குப் போனதுண்டு. ஆயினும், உங்கள் வேதம் நல்ல சட்டம்தான், நீங்கள்தாம் அதன்படி நடப்பதில்லை என்று வெள்ளையரிடம் நேருக்கு நேர் கூறும் துணிவும் அவருக்கு இருந்தது.

சந்தையில் ஒரு சந்திப்பு

1807ஆம் ஆண்டு ஒருநாள் அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கச் சந்தைக்குச் சென்றிருந்தார். அவ்வழியே குதிரையில் வந்த வெள்ளையர் ஒருவரை உற்று நோக்கினார். வந்தவர் ஜான் காக்ஸ் என்னும் அயர்லாந்து நாட்டு மருத்துவர். ஒரு கண் பார்வை இழந்தவர். 1781ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்கக் கரையில் தம் கப்பலைத் தவறவிட்டு, நோயும் காயமுமாக அலைந்து திம்போவுக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். அல்மாமி சோரி அவரைத் தம் விருந்தினராக ஆறு மாதம் வைத்துப் பேணி, உடல் தேறியபின் துணைக்கு ஆள் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பினார். அன்று தம்மைக் காத்த மன்னரின் மகனே இன்று அடிமையாகக் கிழங்குக் கூடையோடு நிற்பதைக் கண்ட மருத்துவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

காக்ஸ் உடனே ஃபாஸ்டரிடம் சென்று என்ன விலையாயினும் தருவதாகக் கூறி இளவரசரைக் கேட்டார். ஃபாஸ்டர் மறுத்துவிட்டார். பிரின்ஸ் இன்றிப் பண்ணை நடவாது என்பது அவர் கணக்கு. காக்ஸ் தம் இறுதிவரை முயன்றும் பலிக்கவில்லை. அவருக்குப்பின் அவர் மகனும் முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. பிரின்ஸ் சொன்னது கட்டுக்கதையன்று என்பதை ஊரார் அறிந்தனர்.

தன்ஜா சென்ற மடல்

நாச்செஸில் ஆண்ட்ரூ மார்ஷால்க் என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். இளவரசரை நெடுநாள் அறிந்தவர். அவருடைய தூண்டுதலால் 1826ஆம் ஆண்டில் இளவரசர் அரபு மொழியில் ஒரு மடல் எழுதினார். அதில் பெரும்பகுதி திருமறை வசனங்களாகவே இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கடைசியாக அவர் தம் நாட்டில் மை தொட்டு எழுதி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இதற்கிடையே பெயர் போயிற்று, உடை போயிற்று, தம் மொழியில் பேச ஆளின்றிப் போயிற்று. இளமையில் ஓதிய எழுத்து மட்டும் போகவில்லை.

மார்ஷால்க் அம்மடலைத் தாமஸ் ரீடு என்னும் மிசிசிப்பி செனட் உறுப்பினரிடம் சேர்த்தார். கூடவே ஒரு குறிப்பும் எழுதினார். மடலை எழுதியவர் மொராக்கோ அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அக்குறிப்புக் கூறியது. இது பிழை. திம்போவுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே சகாராப் பாலைவனம் கிடக்கிறது. ஆயினும் அரபு எழுதத் தெரிந்த ஆப்பிரிக்கர் மொராக்கோக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்நாளைய அமெரிக்கரின் எண்ணம். இளவரசரும் அப்போது அதைத் திருத்தவில்லை. அவரை யார் குறை கூற முடியும்?

அந்தப் பிழையே அவருக்குத் துணையாயிற்று. மொராக்கோ, அமெரிக்கக் கப்பல்களுக்கு 1777ஆம் ஆண்டிலேயே தன் துறைமுகங்களைத் திறந்துவிட்ட நாடு. 1786ஆம் ஆண்டில் இருநாடுகளும் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக் கரையிலும் வணிகம் செய்த அமெரிக்கருக்கு மொராக்கோ சுல்தானின் நல்லெண்ணம் இன்றியமையாதது. எனவே வெளிநாட்டமைச்சகம் மடலைக் குப்பையில் இடவில்லை. தான்ஜியர் எனப்படும் தன்ஜா நகரிலிருந்த அமெரிக்கத் தூதர் தாமஸ் மல்லௌனிக்கு அனுப்பியது. மல்லௌனி அதை மொராக்கோ அதிகாரிகளிடம் காட்டினார். அப்போது ஆண்ட சுல்தானின் பெயரும் அப்துர் ரஹ்மான் என்பதே. இவர் தம் குடிமகனா அல்லவா என்ற ஆராய்ச்சியில் அவ்வரசு இறங்கவில்லை. ஒரு முஸ்லிம் அடிமைப்பட்டிருக்கிறார், அவரை விடுவிக்க வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தது. அச்செய்தியைத் தாங்கி 1827ஆம் ஆண்டு மல்லௌனி எழுதிய கடிதம் ஹென்றி கிளேயின் மேசைக்கு வந்தது.

அமைச்சரின் விடைகள்

கிளே அதைக் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸிடம் கொண்டு சென்றார். நியாயமான விலைக்குக் கிடைப்பாராயின் அம்மனிதரை அரசே வாங்கி அனுப்பிவிடலாம் என்று தலைவர் இசைந்தார். கிளே மார்ஷால்க்குக்கு எழுதினார். மார்ஷால்க் ஃபாஸ்டரைக் கண்டார். முதுமை எய்திய ஃபாஸ்டர் விலை வேண்டாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். பிரின்ஸ் அமெரிக்க மண்ணில் உரிமை மனிதனாக வாழக்கூடாது. அரசு அவரை நேரே அவர் நாட்டிற்கு அனுப்பிவிட வேண்டும்.

1828ஆம் ஆண்டு ஜனவரியில் கிளே இதற்கு எழுதிய விடை கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. அதன் சாரம் இது: இவரைத் தம் குடும்பத்தாரிடமும் நாட்டிடமும் சேர்ப்பதில் தலைவருடைய நோக்கம், அமெரிக்காவைப் பற்றி அங்கே நல்லெண்ணம் உண்டாக்குவதே, ஆகவே ஃபாஸ்டரின் நிபந்தனையை ஏற்பதில் தடை ஏதும் இல்லை.

நாற்பது ஆண்டுகள் ஒருவரை விலங்கைப் போல் வைத்திருந்தது தவறு என்ற சொல்லை அங்கே காணோம். அவருடைய உரிமை என்ற சொல்லையும் காணோம். அயல்நாட்டு மன்னர் மகிழ்வார் என்பது ஒன்றே காரணம். அதே நாச்செஸில் பல்லாயிரம் ஆப்பிரிக்கர் அடிமைகளாய் உழன்றனர். அவர்களைக் கேட்டுக் கடிதம் எழுத ஒரு சுல்தான் இல்லை. ஆகவே அமைச்சருக்கு அவர்களைப் பற்றி எழுத ஒரு வரியும் இல்லை.

1828 பிப்ரவரியில் இளவரசர் ஒப்படைக்கப்பட்டார். ஆனால் விடுதலை அவர் ஒருவருக்கே. இசபெல்லாவும் மக்களும் அடிமைகளே. அப்போது நாச்செஸ் மக்கள் ஒரு நற்செயல் செய்தனர். இசபெல்லாவின் விலை 200 டாலர். ஊரார் கூடிச் சேர்த்துத் தந்த பணமோ 293 டாலர். கணவனும் மனைவியும் ஏப்ரல் மாதம் புறப்பட்டனர். மக்கள் கரையில் நின்றனர்.

தேர்தல் களத்தில்

தலைநகர் வாஷிங்டனை அடைந்த இளவரசர் 1828 மே மாதம் ஆடம்ஸைக் கண்டார். தம் நாடு மொராக்கோ அன்று என்ற உண்மையை இப்போது வெளிப்படையாகக் கூறினார். அவருக்கு வேண்டியவை இரண்டு. திம்போவுக்கு அருகிலிருக்கும் லைபீரியாவுக்குச் செல்லவேண்டும். தம் மக்களையும் உடன் மீட்கவேண்டும். முதலாவதற்கு அரசு உடன்பட்டது. இரண்டாவதற்குப் பொருளுதவி செய்ய மறுத்தது.

ஆகவே அவர் தாமே பொருள் திரட்டப் புறப்பட்டார். மார்ஷால்க் தைத்துக் கொடுத்த மொராக்கோ உடையும் தலைப்பாகையும் அணிந்து ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், பாஸ்டன் முதலிய வட நகரங்களில் மாதக்கணக்கில் சுற்றினார். அறுபத்தாறு வயது முதியவர் ஊர் ஊராகச் சென்று, தம் பிள்ளைகளை விலைக்கு வாங்கக் காசு கேட்டார். ஹென்றி இன்மன் என்னும் ஓவியர் அவர் உருவத்தை அப்போது வரைந்தார். குழிந்த கண்களும் நரைத்த தலையுமாய் இருக்கும் அப்படத்தின் அடியில் அவர் கைப்பட்ட அரபு எழுத்து இன்றும் உள்ளது.

1828 அமெரிக்காவில் கடும் தேர்தல் ஆண்டு. 1824ஆம் ஆண்டுத் தேர்தலில் எவர்க்கும் பெரும்பான்மை கிட்டாதபோது கிளே ஆடம்ஸை ஆதரித்தார். ஆடம்ஸ் தலைவரானார், கிளே அமைச்சரானார். இது ஊழல் பேரம் என்று ஆண்ட்ரூ ஜாக்சனின் கட்சியார் நான்காண்டுகளாக முழங்கி வந்தனர். இப்போது புதிய ஆயுதம் கிடைத்தது. இளவரசரின் விடுதலைக்கு வழிகோலிய மார்ஷால்க் ஜாக்சன் கட்சிக்காரர். ஃபாஸ்டரின் நிபந்தனையை மீறி, தென்னாட்டு அடிமை ஒருவரை வடநாட்டில் ஊர்வலம் விட்டு ஆடம்ஸும் கிளேயும் வாக்குத் தேடுகிறார்கள் என்று அவர் தம் பத்திரிகையில் சாடினார். கிளே அவருக்கு எழுதிய கடிதங்களும் கட்சிப் போருக்குக் கருவியாயின. ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்காக ஏந்திய கை, கட்சிக்காரர் கண்ணுக்கு வாக்குப் பிச்சை கேட்கும் கையாகத் தெரிந்தது. ஃபாஸ்டர் வெகுண்டார். பிள்ளைகளின் விடுதலை மேலும் அரிதாயிற்று. தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். கிளேயின் பதவிக்கும் முடிவு வந்தது.

எதிர்வீட்டுப் பெண்

இளவரசரை வரவேற்ற வெள்ளை மாளிகைக்கு அண்மையில், சதுக்கத்தின் ஓரத்தில் டெகாட்டர் மாளிகை என்னும் வீடு இருக்கிறது. 1827 முதல் 1829 வரை கிளே குடியிருந்தது அவ்வீட்டில்தான். அங்கே ஏவல் செய்தவர் சார்லட் டூபே என்னும் அடிமைப் பெண். கிளே அவரை 1806ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியிருந்தார். கணவர் ஏரன், மக்கள் சார்லஸ், மேரி ஆன் ஆகியோரும் கிளேயின் உடைமைகளே.

1829 பிப்ரவரியில், கிளே பதவி நீங்கிக் கென்டக்கிக்குப் புறப்பட ஆயத்தமானபோது, சார்லட் நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுத்தார். தாம் விடுதலைக்கு உரியவர் என்பதே வழக்கு. நாட்டின் வெளிநாட்டமைச்சர்மீது ஓர் அடிமைப் பெண் வழக்குத் தொடுப்பதென்றால், அத்துணிவை என்னென்பது! வழக்கு முடியும்வரை அவர் வாஷிங்டனிலேயே தங்கினார்; கிளேக்குப் பின் வெளிநாட்டமைச்சரான மார்ட்டின் வான் பியூரனிடம் அதே வீட்டில் கூலிக்கு வேலை பார்த்தார். 1830ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அப்போதும் அவர் கென்டக்கிக்குத் திரும்ப மறுத்தார். கிளேயின் முகவர் அவரைச் சிறையில் அடைக்கச் செய்தார்.

அச்செயலை முற்றிலும் ஒப்புக்கொள்வதாக 1830 செப்டம்பரில் கிளே எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. அவள் வழக்கு அடிப்படையற்றது. அவளது செய்கையால் இங்குள்ள அவள் உறவினரிடத்தும் பணிவு குன்றிவிட்டது. இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. பிறகு சார்லட் நியூ ஆர்லியன்ஸிலிருந்த கிளேயின் மகளிடம் அனுப்பப்பட்டார். 1840ஆம் ஆண்டில்தான் அவருக்கும் மேரி ஆனுக்கும் கிளே விடுதலை எழுதிக் கொடுத்தார்.

இரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். எழுதிய கை ஒன்று. இடைவெளி மூன்றாண்டுகள் கூட இல்லை. முன்னதில் ஒருவருக்கு விலங்கு நீங்குகிறது. பின்னதில் ஒருத்திக்குச் சிறைக்கதவு மூடுகிறது. அவருக்கு ஒரு சுல்தானின் பரிந்துரை இருந்தது; இவருக்கு ஒரு மனுவைத் தவிர வேறெதுவும் இல்லை. கிளே கொடியவர் அல்லர். அடிமைமுறை தீது என்று பலமுறை பேசியவர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதற்காக 1816ஆம் ஆண்டு தோன்றிய குடியேற்றச் சங்கத்தின் முதல் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர். எனினும் அவருக்கு நீதி, கேட்பவரின் உரிமையைப் பார்த்துச் சுரக்கவில்லை. கேட்பவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று பார்த்தே சுரந்தது. சிபாரிசால் கிடைப்பது சலுகை, அது நீதியாகாது.

இதைச் சொல்லும் நாம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கஃபாவின் கூரைமீது ஏறிப் பாங்கு சொல்ல பிலால் (ரலி) அவர்களை அழைத்த மார்க்கம் நம் மார்க்கம். அடிமையை உரிமை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாகத் திருமறை போற்றுகிறது. ஆயினும் ஃபூட்டா ஜாலோன் முஸ்லிம் அரசும் போரில் பிடித்தவர்களை அடிமைகளாக வைத்திருந்தது. கடற்கரை வணிகருக்கு விற்கவும் செய்தது. இளவரசர் விழுந்த குழி, அவருடைய நாட்டாரும் சேர்ந்து வெட்டிய குழியே. இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

கரை சேர்ந்த பின்

சார்லட் வழக்குத் தொடுத்த அதே 1829 பிப்ரவரியில், அப்துர் ரஹ்மானும் இசபெல்லாவும் 'ஹாரியட்' என்னும் கப்பலில் ஏறினர். மார்ச் மாதம் லைபீரியாவின் மன்ரோவியாவை அடைந்தனர். ஆப்பிரிக்கக் கரையில் கால் வைத்ததும் அவர் தம் மார்க்கக் கடமைகளுக்குத் திரும்பிவிட்டார் என்று அங்கிருந்த அமெரிக்கர் எழுதினர். திம்போவுக்குச் செய்தி அனுப்ப முயன்றார். மழைக்காலம் குறுக்கிட்டது, காய்ச்சல் பற்றியது. 1829 ஜூலை 6ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில் வஃபாத்தானார். பிறந்த மண்ணின் மலைகளை அவர் மீண்டும் காணவில்லை. அதே ஆண்டில் ஃபாஸ்டரும் மாண்டார்.

அவர் ஊர் ஊராகத் திரட்டிய பணம் வீண்போகவில்லை. ஃபாஸ்டரின் வாரிசுகளிடமிருந்து இரு புதல்வர்களும் அவர்களைச் சார்ந்தோருமாக எட்டுப் பேர் மீட்கப்பட்டு, 1830ஆம் ஆண்டில் மன்ரோவியாவில் இசபெல்லாவுடன் சேர்ந்தனர். எஞ்சிய மக்கள் மிசிசிப்பிப் பண்ணைகளிலேயே அடிமைகளாய்த் தங்கிவிட்டனர். இவ்வரலாறு நெடுங்காலம் மறந்து கிடந்தது. டெர்ரி ஆல்ஃபர்டு என்னும் வரலாற்றாசிரியர் பழங்கடிதங்களையும் பத்திரிகைகளையும் ஆராய்ந்து 1977ஆம் ஆண்டு எழுதிய நூலே அதைப் பலரும் அறியச் செய்தது.

இறுதியாக ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1828 டிசம்பரில் இளவரசர் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது, கிறித்தவர் ஓதும் 'பரமண்டல' ஜெபத்தை அரபியில் எழுதித் தருமாறு ஒருவர் கேட்டார். அவரும் எழுதிக் கொடுத்தார். பெற்றவர் மகிழ்ந்து, இது இளவரசர் கைப்பட எழுதிய பரமண்டல ஜெபம் என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்டுப் பத்திரப்படுத்தினார். அரபு அறிந்தோர் பிற்காலத்தில் அதைப் படித்தனர். அதில் இருப்பது அல்ஃபாத்திஹா. நம் பிள்ளைகள் முதன்முதலில் மனனம் செய்யும் அல்ஹம்து சூரா.

அமைச்சர்களின் கடிதங்கள் அவரை மொராக்கோக்காரர் என்றன. பத்திரிகைகள் தேர்தல் கருவி என்றன. பண்ணைக் கணக்கு ஓர் உடைமை என்றது. தாம் யார் என்பதை அவர் அந்த ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போனார். வல்ல நாயன் அவருடைய பிழைகளைப் பொறுத்து நற்பதவி அருள்வானாக.